கலைவாணர்: சிரிக்க வைத்தது யார்?



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றி ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஒரகடம் பக்கம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் வேறென்ன எழுதப் போகிறான்! ஆனால் எனக்கு வேறு ஒரு ஆசை. நம் ஹாஸ்டல் மெஸ்ஸிலும், ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையிலும் முடியாமலே போன ஒரு சண்டை இருக்கிறது. அதை ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சண்டை இதுதான். ஒரு காமெடி நம்மைச் சிரிக்க வைத்தால் அதைச் செய்தது யார்? நடித்தவரா, எழுதியவரா?

1989ல் 'கரகாட்டக்காரன்' வந்தது. வாழைப்பழக் காமெடியைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் உண்டா? எங்கள் செட்டில் பாதிப் பேர் கவுண்டமணி கட்சி, மீதிப் பேர் செந்தில் கட்சி. அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன் என்ற தகவலை ஒரு சீனியர் கொண்டு வந்தபோது மெஸ்ஸே இரண்டானது. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா, அந்த முகபாவம் யாருக்கு வரும் என்று ஒரு கூட்டம். எழுதாமல் முகபாவம் எங்கிருந்து வரும் என்று இன்னொரு கூட்டம். ரசம் ஆறிப் போனதுதான் மிச்சம்.

காமிக்ஸ் கோஷ்டிக்கும் இதே வியாதி. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை நம்மில் பலர் தமிழ்நாட்டுக்காரராகவே நினைத்திருந்தோம். அவர் 1962ல் 'வேலியண்ட்' என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் பிறந்தவர். முதலில் எழுதியவர் கென் புல்மர் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பத்திரிகைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் அநேகமாக இல்லை. அதனால் அங்குள்ள பிள்ளைகளுக்கும் பெயர் தெரியாது, இங்குள்ள நமக்கும் தெரியாது. மாயாவி மட்டும் மின்சாரம் பாய்ந்து மறைந்தார் என்று நினைத்தோம். அவரைப் படைத்தவர்களும் கூடவே மறைந்து போயிருந்தார்கள்!

இந்தச் சண்டைக்கெல்லாம் தாத்தா போல ஒருவர் இருக்கிறார். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். டி.வி. வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975ல், கலைவாணர் மறைந்தது 1957ல். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பழைய படம் போடும்போது ஹாஸ்டல் டி.வி. முன்னால் நாம் எழுந்து போகாமல் உட்கார்ந்தது அவர் வரும் காட்சிகளுக்காகத்தானே!

நாகர்கோவில் பையன்

1908 நவம்பர் 29ஆம் தேதி, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கப் போன இடத்தில் நாடகம் மனசுக்குள் புகுந்துகொண்டது.

ஊர் மண்ணிலேயே வில்லுப்பாட்டு இருந்தது. அதையும் கற்றார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்றால் இப்போதைய பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, அங்கேயே பாடம். பாட்டு, வசனம், தாளம், மேடை வேலை எல்லாம் கற்றே ஆகவேண்டும். எந்த வேஷம் யாருக்கு முடியாமல் போனாலும் அடுத்தவர் போட வேண்டும். 'தேசபக்தி' என்ற நாடகத்தில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகவே மேடையில் கொண்டு வந்தார் கிருஷ்ணன். கோயில் கொடையில் கேட்ட வடிவத்தில் நடப்பு அரசியலைச் சொன்னது அன்றைக்குப் புது விஷயம். பழைய பாத்திரத்தில் புதுச் சரக்கை ஊற்றும் இந்த வேலையைத்தான் கடைசி வரை செய்தார்.

சினிமாவுக்குள்ளே ஒரு தனிக் கம்பெனி

1935ல் டி.கே.எஸ். குழுவினரின் 'மேனகா' படம் வந்தது. 1936ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' வந்தது. எம்.ஜி.ஆரின் முதல் படமும் அதுதான். எஸ்.எஸ். வாசனின் கதை. கிருஷ்ணன் இரண்டிலும் இருந்தார்.

அதே காலகட்டத்தில் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போன இடத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார், அங்கேயே திருமணமும் நடந்தது. அவருக்கு ஏற்கெனவே ஊரில் நாகம்மாள் என்ற மனைவி இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மதுரம் வெறும் ஜோடி நடிகை இல்லை. சம பலத்தோடு எதிர்த்துப் பேசும் பெண்ணாகத் திரையில் நின்றார். கணவன் தன் பெருமையை அளக்க அளக்க, அதை ஒரே போடில் தரைக்கு இறக்குவது மதுரத்தின் வேலை. அந்தப் படங்களை நன்றாகக் கவனித்துப் பாருங்கள், பல இடங்களில் கடைசிச் சிரிப்பு அந்த அம்மாவுக்குத்தான் கிடைக்கிறது.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். அன்றைக்குப் படத்தின் டைரக்டர் ஒருவர், கதை வசனம் எழுதுபவர் ஒருவர். ஆனால் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கிருஷ்ணன் குழுவின் தனிப் பொறுப்பு. மூலக்கதை ஒரு பக்கம் போகும், இவர்களின் குட்டிக் கதை இன்னொரு பக்கம் போகும். அதைத் தாங்களே யோசித்து, தாங்களே ஒத்திகை பார்த்து, பாட்டோடு தயாராக வந்து நிற்பார்கள். நம் லைன் பாஷையில் சொல்வதானால், கார் கம்பெனிக்கு சீட்டைத் தனியாகச் செய்து கொண்டு வந்து மாட்டுகிற சப்ளையர் மாதிரி! பின்னாளில் வீரப்பன் போன்றவர்கள் காமெடி டிராக் எழுதினார்களே, அந்த ரோட்டைப் போட்டவர் இவர்தான்.

அந்தக் குழுவில் யார் யார்? டி.எஸ். துரைராஜ் இருந்தார். 'சகுந்தலை' படத்தில் (1940) இருவரும் மீனவர்களாக வந்து அடிக்கும் கூத்து மறக்க முடியாதது. புளிமூட்டை ராமசாமி இருந்தார். மதுரம் இருந்தார். பாட்டு எழுதுவதற்கு உடுமலை நாராயணகவி வந்து சேர்ந்தார். பெரிய கருத்தைப் பாமரனுக்குப் புரியும் பாஷையில், தாளத்தோடு எழுதிக் கொடுத்தவர் அவர். 1941ல் வந்த 'சந்திரஹரி', உண்மையே பேசும் அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, பொய்யே பேசும் ராஜாவாகக் காட்டும் படம். அதன் மூலம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம்.

அப்படியானால் என்.எஸ்.கே. காமெடி என்று நாம் சொல்வது யாருடையது? பாட்டு கவிராயருடையது. சில கதைகள் பம்மலாருடையவை. பதிலடி மதுரத்துடையது. வடிவம் நாகர்கோவில் வில்லுப்பாட்டுக்காரர்களுடையது. ஹாஸ்டலில் என் நண்பன் ஒருவன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, கிருஷ்ணனுக்கு மிச்சம் ஏதுமில்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே ஒரு பரீட்சை நடந்தது. யாரும் விரும்பி வைக்காத பரீட்சை.

இரண்டு வருஷ இருட்டு

1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். 'இந்துநேசன்' என்ற பத்திரிகையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்தவர் அவர். அந்த டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். தமிழ்நாட்டின் முதல் பெரிய பாட்டு நட்சத்திரமும் முதல் பெரிய சிரிப்பு நட்சத்திரமும் ஒரே வழக்கில்!

1945ல் சென்னையில் ஜூரிகள் முன் விசாரணை நடந்து இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தள்ளுபடியானது. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கு மறுபடி சென்னைக்கே விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேலே ஜெயில். இருந்த பணம் வழக்குச் செலவிலேயே கரைந்தது.

இந்த இரண்டு வருஷத்தில் வெளியே என்ன நடந்தது என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். தலைவன் உள்ளே போய்விட்டால் குழு சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. மதுரம் நிமிர்ந்து நின்றார். எஸ்.வி. சகஸ்ரநாமம் பொறுப்பேற்றார். என்.எஸ்.கே. பெயரில் நாடக சபா நடந்தது. மேடையில் வெற்றி பெற்ற 'பைத்தியக்காரன்' நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாகவும் எடுத்தார்கள். ஆக, கூட்டாளிகள் வெறும் கைதட்டிகள் இல்லை, அவர்களுக்கென்று சொந்தச் சரக்கு இருந்தது என்பது நிரூபணமானது. முதல் பாதி மார்க் குழுவுக்கு.

மீதிப் பாதியையும் பாருங்கள். விடுதலையாகி வந்தவுடன், ஏறக்குறைய முடிந்த நிலையில் இருந்த அந்தப் படத்தில் அவருக்கென்றே ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார்கள். 1947லேயே படம் வந்தது. ஜனங்கள் அவரைத் திரையில் மறுபடி பார்க்கக் காத்திருந்தார்கள். குழு தனியாக ஓடும், ஆனால் அவர் வந்து சேர்ந்தால்தான் அது என்.எஸ்.கே. குழு. இந்த மார்க் அவருக்கு.

தொழிற்சாலையில் நாமும் இதைப் பார்க்கிறோமே. ஒரு நல்ல சூப்பர்வைசர் ஒரு மாதம் லீவில் போனால் லைன் நின்றுவிட்டது என்றால் அது அவருக்குப் பெருமை என்று சிலர் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் லைன் நிற்காமல் ஓடுவதுதான் அவருக்குப் பெருமை. அவர் திரும்பி வந்ததும் வேலையில் ஒரு உயிர் வருகிறது பாருங்கள், அது இன்னும் பெரிய பெருமை.

பாகவதர் கதை வேறாகப் போனது. அவருடைய மூலதனம் அவருடைய குரல் ஒன்றே. வெளியே வந்த பிறகு 'ராஜமுக்தி', 'அமரகவி' என்று படங்கள் வந்தும் பழைய சிம்மாசனம் திரும்பக் கிடைக்கவில்லை. 1959ல் மறைந்தார். காலம் மாறியது, ரசனை மாறியது, காரணங்கள் பல உண்டு. ஆனால் கிருஷ்ணனுக்குத் திரும்பி வர ஒரு வீடு போல அந்தக் குழு விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தது என்பதையும் அந்தக் காரணங்களில் ஒன்றாக நான் சேர்ப்பேன்.

அடுத்த பத்து வருஷம்

1947லேயே பம்மல் சம்பந்த முதலியார் கையால் கலைவாணர் பட்டம் கிடைத்தது. தமிழ் நாடக உலகின் மூத்தவர், அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த சர்டிபிகேட் அது.

1949ல் 'நல்லதம்பி'. எழுதியவர் அறிஞர் அண்ணா. பிராங்க் காப்ராவின் ஹாலிவுட் படம் ஒன்றைத் தழுவி, அதற்குள் மதுவிலக்கையும் சமூக சீர்திருத்தத்தையும் வைத்த படம். அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை இன்றைய மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போக ஏங்குகிறான். காலட்சேப மேடை அதே மேடை, கோயில் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்து நிற்கிறது. ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குக் கதவு திறக்க வேண்டிய இடம் எது என்று சிரிக்கச் சிரிக்கக் கேட்டுவிடுகிறார்கள். எழுதியது உடுமலையார், உயிர் கொடுத்தது கலைவாணர். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இது வெறும் காமெடி இல்லை.

1951ல் 'மணமகள்', 1952ல் 'பணம்' ஆகிய படங்களை அவரே டைரக்ட் செய்தார். இரண்டுக்கும் வசனம் கலைஞர் மு. கருணாநிதி. 'பணம்' படத்தில்தான் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் இசையமைப்பாளர்களாக அறிமுகம். 1951ல் சோவியத் யூனியனுக்கும் போய் வந்தார். பட்டியலைப் பாருங்கள்: அண்ணா, கலைஞர், உடுமலையார், மெல்லிசை இரட்டையர். தன்னைவிட நன்றாக எழுதுகிறவர், தன்னைவிட நன்றாக இசை தெரிந்தவர் பக்கத்தில் வந்தால் சின்ன மனிதன் பயப்படுவான். இவர் அழைத்து நாற்காலி போட்டார்.

1956ல் 'ராஜா ராணி' படத்தில் சிரிப்பின் வகைகளைப் பற்றியே ஒரு பாட்டைப் பாடிச் சிரித்துக் காட்டினார். தியரியும் பிராக்டிகலும் ஒரே பாட்டில்! 1937ல் பாகவதரோடு 'அம்பிகாபதி'யில் நடித்தவர், இருபது வருஷம் கழித்துச் சிவாஜியின் 'அம்பிகாபதி'யிலும் நடித்தார். அந்தப் படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 48தான். சம்பாதித்ததை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தே தீர்த்தவர் என்பது ஊரறிந்த கதை. கடைசிக் காலத்தில் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மதுரம் அம்மையார் 1974 வரை வாழ்ந்தார்.

1969 பொங்கல் நாளில் தி.நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார் முதல்வர் அண்ணா. உடல்நலம் மிகவும் குன்றியிருந்த நேரம். அதுவே அவரது கடைசிப் பொது நிகழ்ச்சியாகவும் ஆனது. 'நல்லதம்பி'க்கு எழுதியவர், அதில் நடித்தவருக்குச் செலுத்திய மரியாதை! எழுதியவர் பெரியவரா, நடித்தவர் பெரியவரா என்ற நம் மெஸ் சண்டை அவர்கள் இருவருக்கும் இடையே இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் தீர்ப்பு?

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். சிரிக்க வைத்தது ஒரு ஆள் இல்லை, ஒரு கூட்டம். ஆனால் அந்தக் கூட்டத்தைச் சேர்த்து, பிரியாமல் வைத்து, எந்தச் சிரிப்பு எதற்காக என்று முடிவு செய்தவர் ஒருவர். அதுவும் ஒரு படைப்புதான், அதைச் செய்தவர் கிருஷ்ணன். அதற்காக மற்றவர்களின் பெயரை அழித்துவிட்டு எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதுவது அவருக்கே செய்யும் அவமரியாதை.

நம் டிராயிங் ஹால் நினைவிருக்கிறதா? எந்த டிராயிங் போட்டாலும் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக் இல்லாவிட்டால் சார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வரைந்தவர் ஒரு கட்டம், சரிபார்த்தவர் ஒரு கட்டம், ஒப்புதல் தந்தவர் ஒரு கட்டம். அப்போது அது தொல்லையாக இருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை இன்று நாம் வேலை பார்க்கும் எந்தத் தொழிற்சாலையிலும் அந்தக் கட்டங்களை நிரப்பாமல் ஒரு போல்ட் கூடச் செய்ய முடியாது. தப்பு வந்தால் கேட்பதற்கு மட்டும் அந்தப் பெயர்கள் இல்லை, நன்றாக வந்தால் சொல்வதற்கும்தான். சினிமாவில் டைட்டில் கார்டு ஓடும்போது நாம் பாப்கார்ன் வாங்கப் போய்விடுகிறோம். அதுவும் ஒரு டைட்டில் பிளாக்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் காலத்தில் மூன்று வருஷமும் ஹாஸ்டல் டே நகைச்சுவை நாடகங்களை எழுதியவர் ஒரே ஆள். மேடை ஏறாத, அதிகம் பேசாத நண்பர். நடித்தவர்களுக்குக் கோப்பை கிடைத்தது, போட்டோ எடுத்தார்கள். எழுதியவர் பெயர் ஒரு வருஷம் கூட மைக்கில் வரவில்லை. அந்த நாடகங்களின் வசனத்தை இன்றைக்கும் நாம் சந்திக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். அவர் இப்போது இதே காரிடாரில் ஒரு டூல் ரூமில் டிசைன் வேலை பார்க்கிறார். அவர் அனுமதி இல்லாமல் பெயரை இங்கே அச்சிட நான் விரும்பவில்லை. ஆனால் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்தச் சந்திப்பின் கலை நிகழ்ச்சியில் அந்தப் பழைய நாடகங்களில் ஒன்றை மறுபடி போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போடுங்கள், ரொம்ப சந்தோஷம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, திரை விலகும் முன்பு அவர் பெயரை முதலில் சொல்லுங்கள். முடிந்தால் முன் வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்களும் ஸ்கிட் போடுகிறீர்கள், மீம் செய்கிறீர்கள், குறும்படம் எடுக்கிறீர்கள். நண்பன் எழுதிக் கொடுத்தான் என்றால் அவன் பெயரைப் போடுங்கள். தோழி எடிட் செய்தாள் என்றால் அவள் பெயரைப் போடுங்கள். அதனால் உங்கள் பெயர் ஒரு எழுத்து கூடச் சின்னதாகிவிடாது. தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் படிக்கிறோம். ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை நம் ஸ்டேஷன் போர்டே தினமும் சொல்கிறது!

ஞாயிற்றுக்கிழமை ஒழிந்த நேரத்தில் 'நல்லதம்பி'யைப் போட்டுப் பாருங்கள். டைட்டிலிலிருந்தே பாருங்கள். பிறகு மெஸ்ஸில் உட்கார்ந்து நன்றாகச் சண்டை போடுங்கள். ரசம் ஆறினாலும் பரவாயில்லை.

வாழ்க கலைவாணர் புகழ்! வளர்க நம் சங்கம்!

— முன்னாள் மாணவர், மெக்கானிக்கல் பிரிவு